ராடு உள்ளே இருக்கும்போது

முதலில் எனக்குத் தீங்கு செய்தவன் நாச்சிமுத்து. என் சகலை. என் சம்சாரத்தின் அக்காவைக் கட்டியவன். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை தம்பி. டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், எழவு வீட்டில் சொல்லியிருக்கிறேன், இதோ பேர்கூடத் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். அவனிடம் மட்டும்தான் சொன்னதில்லை. அவனோடு நான் பேசுவதே இல்லை, பிறகு எப்படிச் சொல்வது?

நீங்கள் ஈரோடு வரைக்குமா? நல்லது. நான் கருக்கம்பாளையம் பிரிவில் இறங்க வேண்டும். பேத்திக்கு இன்றைக்குக் காது குத்து. மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் அங்கேதான் இருக்கிறது. பிரிவில் இறங்கி உள்ளே கொஞ்ச தூரம் போக வேண்டும். எனக்கு ஒரே மகள், கோகிலவாணி. வீட்டில் அம்மிணி. நேற்று அவளே போன் போட்டாள்.

"அப்பா, நாளைக்கு வர்றீங்கல்ல?"

"வராம எங்க போறேன் அம்மிணி."

"வந்தா பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசோணும். எப்பவும் போல மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஓரமா நிக்கறதுன்னா வரவே வேண்டாங்கப்பா."

"அவன் பேசட்டும், நான் பேசறேன்."

"அவரு பேசிக்கிட்டுத்தான் இருக்காரு, இத்தன வருசமா. நீங்கதான் காதுல வாங்கறதில்ல. இதுதான் கடைசிங்கப்பா. இதுக்கு மேல உங்கள எதுக்கும் கூப்பிடமாட்டேன்."

வைத்துவிட்டாள். பெற்ற அப்பனிடம் பேசுகிற பேச்சா இது? அவளாகப் பேசவில்லை. பேச வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். இன்றைக்குக் குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொள்ளப் போகிற தாய்மாமன் யார் தெரியுமா? என் மகளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லையல்லவா. நாச்சிமுத்துவின் மகன்தான் அண்ணன் முறை. மடியும் அவர்களுடையது, சீர்த்தட்டும் அவர்களுடையது. நான் பார்த்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும்.

அவனுக்கும் எனக்கும் அப்படி என்ன என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? பரவாயில்லை, வழி கிடக்கிறது, சொல்கிறேன்.

நான் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வண்டியில் டிரில்லராக இருந்தவன். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் அந்த வேலைக்குப் போனவர்தான். வண்டி ஒரு தடவை கிளம்பிவிட்டால் ஆந்திரா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கே தண்ணீர் இல்லையோ அங்கே எங்களுக்குச் சோறு. ஊருக்கு வருவதென்றால் மழைக்காலத்தில்தான். அப்போது வண்டியை எங்காவது நிறுத்திவிட்டு எல்லோரும் ரயில் ஏறுவோம்.

நாச்சிமுத்துவுக்கு சங்ககிரியில் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுகிறவன். சாயங்காலமானால் வீட்டில் இருப்பான். அடுத்தடுத்த வீடு. அக்கா தங்கச்சி பக்கத்தில் இருக்கட்டுமே என்று நான்தான் அந்த வீட்டைப் பார்த்துக் குடிவைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு தடவை ஊருக்கு வருகிறேன். அம்மிணிக்கு விவரம் தெரிய ஆரம்பித்த வயசு. இந்தூரில் ஒரு கடையில் அவளுக்கு கவுன் வாங்கினேன். கடைக்காரன் என்ன வயசு என்றான். எனக்கு இந்தி அவ்வளவு வராது. இடுப்புக்குப் பக்கத்தில் கையை வைத்து இவ்வளவு உயரம் என்று காட்டினேன். கிளம்பும்போது அவ்வளவுதான் இருந்தாள். வந்து பார்த்தால் அதைத் தாண்டி வளர்ந்து நிற்கிறாள். நின்றது என் பக்கத்தில் இல்லை. நாச்சிமுத்துவின் காலைக் கட்டிக்கொண்டு அவன் வேட்டிக்குப் பின்னால் நின்றாள்.

"யாரு கண்ணு வந்திருக்காங்க, சொல்லு பார்க்கலாம்?" என்று அவன் கேட்டான்.

"போர்வண்டி மாமா" என்றாள்.

வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் சம்சாரம் பாவாத்தாள்கூடச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "அப்பா கண்ணு, அப்பா" என்று அவள் காதில் சொன்னான். எனக்குச் சிரித்தவர்கள் மேல் கோபம் வரவில்லை. சொல்லிக்கொடுத்தவன் மேல்தான் வந்தது. என் பிள்ளைக்கு என்னை இன்னார் என்று சொல்லிக்கொடுக்க அவன் யார்?

அந்த கவுனை அவள் பெரியம்மா பிரித்து மேல்சட்டையாகத் தைத்துக் கொடுத்தாளாம். நைந்து கிழிகிற வரைக்கும் அதைத்தான் போட்டாளாம். நான் பார்க்கவில்லை. அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அவளுக்கு சைக்கிள் பழக்கியது அவன். பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றால் போய் உட்கார்ந்தது அவன். மாரியம்மன் பண்டிகைக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனது அவன். வீட்டில் ஒரு போட்டோ இருக்கிறது, தேர்க்கடையில் எடுத்தது. நடுவில் அம்மிணி, ஒரு பக்கம் பாவாத்தாள், அவள் அக்கா, இன்னொரு பக்கம் இவன். வேலைக்குப் போகிற ஆம்பிளைக்கு இதெல்லாம் எப்படி முடியும், நீங்களே சொல்லுங்கள். நான் சும்மா சுற்றிக்கொண்டா இருந்தேன்?

மழைக்காலத்திலாவது வந்திருக்கலாம் என்பீர்கள். இரண்டு மழைக்கு நான் வரவில்லை, உண்மைதான். நிறுத்தியிருக்கிற வண்டியைப் பார்த்துக்கொள்ள ஒருத்தன் இருக்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். யார் இருக்கிறீர்கள் என்றார். நான் கையைத் தூக்கினேன். அங்கே ஒரு நிம்மதி இருந்தது தம்பி. மழை பெய்துகொண்டிருக்கும். வண்டிக்குக் கீழே ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னை யாரோ மாதிரி பார்க்க மாட்டார்கள்.

கடைசியாகக் கிளம்பினபோது பாவாத்தாள் ரோடு வரைக்கும் வந்தாள். அம்மிணி அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த தடவ வாறப்போ என்னைய அடையாளம் தெரியுமா உங்களுக்கு?" என்றாள் பாவாத்தாள்.

"தெரியலீன்னா உங்க மச்சானக் கேட்டுக்கறேன்" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். பஸ் கிளம்பின தூசியாக இருக்கும்.

எங்கள் வண்டியில் ஒரு சட்டம் உண்டு. அதைச் சொன்னால்தான் உங்களுக்கு மற்றது விளங்கும். ராடு உள்ளே இருக்கும்போது வீட்டுப் போனை யாருக்கும் கொடுக்கக் கூடாது. நல்லதானாலும் சரி, கெட்டதானாலும் சரி. துளை முடிந்து, ராடு எல்லாம் மேலே வந்து, வண்டியில் அடுக்கின பிறகுதான். ராடு என்றால் இரும்புக் குழாய். ஒன்றோடு ஒன்று முடுக்கி முடுக்கித்தான் பூமிக்குள் இறக்குவோம். கழற்றும்போது கீழே இருப்பதை ஒருத்தன் பானா ஸ்பேனர் போட்டுப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு தடவை ராசிபுரத்து ஆள் ஒருத்தன் பிடித்திருந்தான். அவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று எவனோ கத்திவிட்டான். பானாவை விட்டுவிட்டுக் குதித்தான். அத்தனை ராடும் உள்ளே போய்விட்டது. இன்னும் அங்கேதான் பாதாளத்தில் கிடக்கிறது. அதற்குப் பிறகு நான் போட்ட சட்டம் இது. முதலாளியே என் முதுகில் தட்டிக்கொடுத்தார். மற்ற வண்டிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

பாவாத்தாளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கேட்கவில்லை என்று ஈரோடு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நாச்சிமுத்து போன் போட்டிருக்கிறான். அப்போதெல்லாம் ஒரு வண்டிக்கு ஒரு போன்தான், மேனேஜர் தனபாலிடம் இருக்கும். துளை முடிந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். தனபால் வந்தான்.

"அண்ணா, ஊர்லேர்ந்து உங்க சகலை கூப்பிட்டாருங்க. அண்ணிக்கு உடம்புக்கு சரியில்லையாமா. சௌகரியப்பட்டா ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னாருங்க."

சௌகரியப்பட்டால்! கேட்டீர்களா தம்பி? அவன் பேச்சே அப்படித்தான், காற்று இறங்கின டியூப் மாதிரி. பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், உடனே வாடா என்று சொல்ல வேண்டியதுதானே? கெட்ட வார்த்தையில் திட்டிக் கூப்பிட வேண்டியதுதானே? சௌகரியப்பட்டால் என்று சொன்னால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? காய்ச்சல் தலைவலி என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

அடுத்த துளைக்கு பாயிண்ட் குறித்து ரெடியாக இருந்தது. அந்த ஊர்ப் பொம்பளைகள் குடத்தை எல்லாம் வரிசையாக வைத்துவிட்டு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். விட்டுவிட்டுப் போக முடியுமா? இந்த ஒன்றைப் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று ராடை இறக்கினேன். நல்ல கரும்பாறை. ராத்திரியும் பகலும் ஓடியது.

அன்றைக்கே ரயில் ஏறியிருந்தால் எப்போது வந்து சேர்ந்திருப்பேன் என்று நான் கணக்குப் பார்த்ததே இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈரோட்டில் இறங்கியிருப்பேன். அவள் போனது சனிக்கிழமை மத்தியானம்.

இடையில் இன்னொரு போன் வந்திருக்கிறது. அது என் மகள் போட்டது. ராடு உள்ளே இருந்தது. சட்டம் சட்டம்தானே? தனக்கு ஒன்று ஊருக்கு ஒன்று என்று நடக்கிறவன் இல்லை நான். ராடு மேலே வந்ததும் தனபால் சொன்னான், அப்படியே ரயில் ஏறினேன். அந்தத் துளையிலும் தண்ணீர் இல்லை. வெறும் பாறைத்தூசிதான் புகையாக வந்தது.

வந்து சேர்ந்தபோது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் காயாமல் இருந்தது.

"எனக்காக வெச்சிருக்கலாமே" என்றேன் நாச்சிமுத்துவிடம்.

"வெக்கிற மாதிரி இல்லீங்க சகல" என்றான். அதையும் அந்தக் குரலில்தான் சொன்னான்.

அம்மிணி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து அழவில்லை. "நான் போன்ல பேசினத மேனேஜரு உங்ககிட்ட சொல்லலீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"இல்ல அம்மிணி. ராடு உள்ள இருந்துது."

சரி என்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்டதே இல்லை.

நான் நாச்சிமுத்துவோடு பேச்சை விட்டது அன்றைக்கு இல்லை தம்பி. காரியத்தன்றைக்கு. தனபால் துக்கம் கேட்க வந்திருந்தான். வாசலில் நாச்சிமுத்துவோடு நின்று பேசிக்கொண்டிருந்தான். நான் உள்ளே சுவரோரம் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

"புள்ள போன்ல அழுதுச்சுங்க" என்று தனபால் சொல்கிறான். "எனக்கு மனசு கேக்கல. சட்டமாவது மண்ணாவதுன்னு செவப்புத் துண்டத் தூக்கி ஆட்டினனுங்க. அண்ணன் பாத்தாரு. பாத்துட்டுத் திரும்பிட்டாருங்க."

சிவப்புத் துண்டு ஆட்டினால் மிஷினை நிறுத்து என்று அர்த்தம். ஆனால் தம்பி, போர் ஓடும்போது தூசி எப்படி இருக்கும் தெரியுமா? எதிரில் இருக்கிற ஆளே தெரியமாட்டான். எது சிவப்பு, எது காவி என்று யாருக்குத் தெரிகிறது? சாப்பிடக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். துண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி ஆட்டினான், சாப்பாட்டுக்கு யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா என்றால், கூப்பிடலாம். பசி நேரம். நான் ஒன்றும் சரியாகப் பார்க்கவில்லை.

அதை விடுங்கள். நாச்சிமுத்து என்ன செய்திருக்க வேண்டும்? நேரே உள்ளே வந்து என் சட்டையைப் பிடித்திருக்க வேண்டாமா? ஏண்டா பார்த்தாயா, பார்த்துவிட்டா திரும்பினாய் என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். தூசியைப் பற்றிச் சொல்லியிருப்பேன். அடிக்க வந்திருந்தால் அடியும் வாங்கியிருப்பேன். அவன் அதெல்லாம் செய்யவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான். அப்புறம் தனபாலிடம் சொல்கிறான்:

"இத அம்மிணிகிட்ட மட்டும் சொல்லீராதீங்க தம்பி."

யார் கேட்டார்கள் அவனை? எனக்குப் பிச்சை போட அவன் யார்? அன்றைக்கிலிருந்து ஒவ்வொரு தடவை அவன் என்னைப் பார்க்கும்போதும் அவன் கண்ணில் அது இருக்கிறது. சொல்லவும் மாட்டான், விடவும் மாட்டான். என் மகளும் சாதாரணமாகத்தான் அவனோடு பேசுகிறாள். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் ஓரமாக நின்று பேசினால் நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்குச் சொல்லிவிடுவானோ, இன்றைக்குச் சொல்லிவிடுவானோ என்று நான் உட்கார்ந்திருக்க வேண்டும். இது எவ்வளவு பெரிய கொடுமை என்று அவனுக்குத் தெரியுமா?

கல்யாணத்திலும் அப்படித்தான். அவள் கல்யாணத்துக்காகத்தானே நான் ஊர் ஊராகப் பூமியைக் குடைந்தேன். மணவறையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும் என்று எத்தனை நாள் வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு நினைத்திருப்பேன். அந்த நாள் வந்தபோது பக்கத்தில் உட்கார பாவாத்தாள் இல்லை. தம்பதியாகத்தான் உட்கார வேண்டும், ஒற்றை ஆள் ஆகாது என்றார்கள் பெரியவர்கள். பெரியப்பனும் பெரியம்மாவும் உட்காரட்டும் என்றார்கள்.

நாச்சிமுத்து என்னைத் தேடிக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தான். நான் அங்கே வாழைக்காய் மூட்டை பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

"சகல, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, நான் உக்காரமாட்டேன். முறையாவது ஒண்ணாவது, நீங்களே தாரை வாருங்க. நான் பேசிக்கறேன் அவங்ககிட்ட."

நான் வாழைக்காய் மூட்டையின் வாயைக் கட்டினேன். அவனோடுதான் பேச்சு இல்லையே? அவன் கொஞ்ச நேரம் நின்றான். வெளியே கூப்பிட்டார்கள். போனான். நான் அங்கே நின்றபடியே கெட்டிமேளம் கேட்டேன். எந்தெந்த ஊருக்கோ தண்ணீர் எடுத்துக் கொடுத்த கை இது. என் மகள் கையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றக் கொடுத்துவைக்கவில்லை. கேட்கிறவன் என்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா? ஒரு தடவை கேட்டுவிட்டுப் போய்விடுவதா? அவன் என்னை இழுத்திருந்தால் நான் போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன்.

இப்போது சொல்லுங்கள், யார் யாரிடம் முதலில் பேச வேண்டும்? நீங்கள் படித்த பிள்ளை மாதிரி தெரிகிறது. அவன் வந்து, சகல, அன்னிக்கு போன்ல நான் சரியாச் சொல்லல, தப்பு என்மேலதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் காலில் விழச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வர வேண்டியது. வந்துவிட்டால் நான் எல்லாவற்றையும் மறந்துவிடுவேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய் அம்மிணி முன்னால் நிற்பேன்.

என்ன, பிரிவு வந்துவிட்டதா? அதற்குள்ளேயா?

அதோ பாருங்கள் தம்பி, புளியமரத்துக்குப் பக்கத்தில், மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, வெள்ளைச் சட்டை, அவன்தான். என்னைக் கூட்டிப்போக அனுப்பியிருக்கிறாள். வேண்டுமென்றேதான் அவனை அனுப்பியிருக்கிறாள். எப்படி நரைத்துவிட்டான் பாருங்கள். ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்க்கிறான். நீங்கள் கொஞ்சம் முன்னால் தள்ளி உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். ஆமாம், அப்படியே இருங்கள்.

இல்லை கண்டக்டர், நான் இறங்கவில்லை. அடுத்த ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட் கொடுங்கள். ரைட் கொடுங்கள், போகட்டும்.

என்ன பார்க்கிறீர்கள்? அடுத்த ஸ்டாப்பில் இறங்கி எதிர் பஸ் பிடித்து வந்துவிடுவேன். பேத்தி காது குத்துக்குப் போகாமல் இருப்பேனா? அவன் கொஞ்சம் நிற்கட்டும். பின்னால் இன்னொரு பஸ் வருகிறது, அதையும் பார்ப்பான். நிற்கிறவன்தான் அவன்.

என் போன்தான் அடிக்கிறது. அம்மிணியாகத்தான் இருக்கும். அடிக்கட்டும். ஓடுகிற பஸ்ஸில் எடுத்தால் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. இறங்கி நின்று நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். நேரம் இருக்கிறது. நான் இல்லாமல் குத்திவிட மாட்டார்கள்.

அடிப்பது நின்றுவிட்டது, பார்த்தீர்களா. அவசரம் என்றால் மறுபடியும் கூப்பிடுவாள்.

ஒன்று மட்டும் நிச்சயம் தம்பி. முதல் வார்த்தை அவன்தான் பேச வேண்டும். அது எனக்கு வர வேண்டியது. இன்னும் வரவில்லை.